இருபத்து நாலில் பேசியது, இருபத்தைந்தில் கேட்டது

“நானூத்தி அம்பத்தெட்டும்மா. நாப்பது இல்ல, அம்பத்தெட்டு!”

“சார், யாரு பேசறீங்கன்னு முதல்ல சொல்லுங்க.”

“உங்க படத்துல ஒரு ஆளு பியானோவுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு முக்கால் மணி நேரம் உக்காந்திருப்பானே, அவன்.”

தங்கை நிமிர்ந்து உட்கார்ந்தாள். வீடு வீடாகப் போய்ப் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவர் அவர். அவரைப் பற்றிய ஆவணப்படம் போன மாதம் டிவியில் வந்தது. அதை டிவிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுத்தது, இவளும் இவளுடைய அண்ணனும் நடத்தும் இந்த இரண்டு அறைக் கடைதான்.

“படம் நல்லா இருந்துச்சுன்னு எல்லாரும் சொன்னாங்களே சார்.”

“என்கிட்டயும் சொன்னாங்க. ஒருத்தன் மட்டும் சொல்லல. என்கிட்ட தொழில் கத்துக்கிட்டு இப்ப எனக்கே போட்டியா நிக்கறவன். போன் போட்டுக் கேக்கறான், ‘ஐயா, கவைய வேற கடைல வாங்கினீங்களா’ன்னு.”

“கவையா?”

“இசைக்கவை. முழங்கால்ல தட்டிக் காதுல வெப்பேன் பாருங்க, ரெண்டு கால் வெச்ச இரும்பு. அது நொடிக்கு நானூத்தி நாப்பது தடவை அதிரணும். அதிரலன்னா அது கவை இல்ல, கரண்டி. டிவில அது நானூத்தி அம்பத்தெட்டு பாடுது. நானும் உக்காந்து கேட்டேன். எனக்கே என்மேல சந்தேகம் வந்துடுச்சும்மா.”

“பாத்துச் சொல்றேன் சார்.”

“பாக்காதீங்க, கேளுங்க. ஞாயித்துக்கிழமை மறுபடியும் போடறாங்களாம். அதுக்குள்ள சரி பண்ணலன்னா எங்க வீட்டு நாய்கூட என்னை மதிக்காது.”

போனை வைத்துவிட்டு அவள் கால்குலேட்டரை எடுத்தாள். நானூற்று நாற்பதை இருபத்தைந்தால் பெருக்கி, இருபத்து நான்கால் வகுத்தாள். நானூற்று ஐம்பத்தெட்டு புள்ளி மூன்று.

அந்தக் கணக்கில்தான் எல்லாம் இருக்கிறது. சினிமாவுக்கு எடுக்கும் கேமரா நொடிக்கு இருபத்து நான்கு படம் எடுக்கும். டிவிக்கு இருபத்தைந்து வேண்டும். சுலபமான வழி, அதே படங்களைக் கொஞ்சம் வேகமாக ஓட்டிவிடுவது. நாற்பத்தெட்டு நிமிடப் படம் நாற்பத்தாறு நிமிடம் ஐந்து நொடியில் முடிந்துவிடும். பார்க்கிறவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஒலியையும் அதே அளவு வேகப்படுத்தினால்தான் உதடும் பேச்சும் சேர்ந்து நிற்கும். ஆனால் வேகமாக ஓட்டிய ஒலி மேலே ஏறிவிடும். பேச்சோ பியானோவோ தெருவில் குரைக்கிற நாயோ, எல்லாமே அரைச் சுரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஏறும். அதற்காகவே மென்பொருளில் ‘சுருதி மாறாமல்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் போட்டால் வேகம் கூடும், சுருதி நின்ற இடத்தில் நிற்கும்.

அவள் பழைய வேலையைத் திறந்து பார்த்தாள். கட்டம் காலியாக இருந்தது.

அந்த வாரம்தான் மென்பொருளைப் புதுப்பித்திருந்தார்கள். புதுப்பித்தால் போட்டுவைத்த டிக் எல்லாம் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியாதது இல்லை. பார்க்காமல் விட்டுவிட்டாள்.

விட்டது சரி, அது எப்படிக் கடையைத் தாண்டி வெளியே போனது? இந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. மாற்றி முடித்த படத்தை இரண்டு பேரும் தனித்தனியாகச் சோதிப்பார்கள். அவள் கண். தொடக்கத்தில் ஓர் இடம், நடுவில் ஓர் இடம், முடிவில் ஓர் இடம் எடுத்து, உதடு ஒட்டுகிற ‘ப’வும் ‘ம’வும் வருகிற நேரத்தில் உதடு ஒட்டுகிறதா என்று பார்ப்பாள். மூன்று இடத்திலும் ஒரே அளவு விலகியிருந்தால் ஒலியை நகர்த்தினால் போதும். போகப் போக விலகல் கூடினால் வேகக் கணக்கே தப்பு. அண்ணன் காது. அவன் திரையை அணைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, முழுப் படத்தையும் கேட்பான். பிறகு ஒரு சீட்டில் அவள் ‘கண் சரி’ என்று எழுதுவாள், அவன் ‘காது சரி’ என்று எழுதுவான். இரண்டும் இல்லாமல் எதுவும் வெளியே போகாது.

அவள் கோப்பைப் புரட்டி அந்தச் சீட்டை எடுத்தாள். ‘காது சரி’. அண்ணனுடைய சாய்ந்த கையெழுத்து.

பக்கத்து அறை ஃப்ரிட்ஜ் நேற்றைவிட இன்று கொஞ்சம் தாழ்வாக முனகுகிறது என்று சொல்கிற ஆள் அவன்.

உள்ளறையில் அவன் ஒரு மைக் ஒயருக்கு ஈயப் பற்று வைத்துக்கொண்டிருந்தான். துணி ஒட்டிய சுவர்களும் தடித்த கதவும் கொண்ட அந்த அறையில்தான் குரல் பதிவு நடக்கும்.

“அண்ணா, பியானோ படத்த முழுசா கேட்டியா?”

“கேட்டேன்.”

“கண்ண மூடிக்கிட்டா?”

“மூடிக்கிட்டுதான்.”

“மூடித் தூங்கிட்டியா?”

“நான் என்னைக்கு வேலைல தூங்கியிருக்கேன்?”

“அப்போ அவரு கவை நானூத்தி அம்பத்தெட்டுல பாடினது உன் காதுல விழலையா?”

அண்ணன் பற்றவைக்கும் கோலை அதன் தாங்கியில் வைத்தான். ஒயரின் நுனியை ஊதினான்.

“விழுந்துச்சு.”

“எப்போ?”

“கவை வர்றதுக்கு முன்னாடியே. உங்க அண்ணி முதல் வாக்கியம் பேசினப்பவே.”

தங்கை எதிரிலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். படத்துக்குப் பின்னணிக் குரல் கொடுத்தவள் அண்ணி.

இருபது வருடம் விளம்பரங்களிலும் அறிவிப்புகளிலும் கேட்ட குரல் அண்ணியுடையது. மணியடித்த மாதிரி இருக்கும் என்பார்கள். போன வருடம் கழுத்தில் ஒரு கட்டியை எடுத்தார்கள். கட்டி போனது, குரலும் கூடவே இறங்கிப்போனது. தாழ்ந்து, ஓரங்களில் பிசிறு தட்டியது. இனிப் பேசலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் ஆறு மாதம் அவள் சீட்டில்தான் எழுதிக் காட்டினாள். ‘உப்பு இல்ல.’ ‘கதவ சாத்துங்க.’ இந்தப் படத்தின் இயக்குநர் பழைய தோழி. அவள் கெஞ்சிக் கேட்டதால் இதே அறையில் மூன்று நாள் உட்கார்ந்து பேசிக் கொடுத்தாள். “எனக்குப் போட்டுக் காட்டாதீங்க. கேட்டா அடுத்த வரி வராது” என்று ஒரே ஒரு நிபந்தனை.

“‘நிறுத்து, டிக் போடல’ன்னு உன்னைக் கூப்பிட வாயத் தொறந்தேன் குட்டி,” என்றான் அண்ணன். நாற்பது வயதைத் தாண்டியும் அந்த வீட்டில் அவள் குட்டிதான். “அதுக்குள்ள ரெண்டாவது வாக்கியம் வந்துச்சு. அப்புறம் மூணாவது. பழைய குரல் அப்படியே இல்ல. ஆனா அது பக்கத்துல போயி நின்னுச்சு. கேட்டுக்கிட்டே இருந்தேன். படம் முடிஞ்சுபோச்சு.”

“முடிஞ்ச அப்புறம் சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருக்கலாம்.”

“கையெழுத்து வேற போட்டிருக்கே!”

“போட்டேன்.”

“நான் மறந்தேன், அது தப்பு. நீ தெரிஞ்சே விட்டியே, அதுக்குப் பேரு என்ன?”

“நீயே ஒரு பேரு வெச்சுக்கோ.”

படம் வந்த சாயங்காலம், கடைக்கு மேலே மாடியில் இருக்கும் அண்ணன் வீட்டில் தங்கையும் இருந்தாள். தன் குரல் டிவியில் வந்ததும் அண்ணி கையிலிருந்த துணியை அப்படியே மடியில் போட்டுவிட்டு, “ஏங்க, அது நானா?” என்றாள். அன்றிலிருந்துதான் மாடியில் பேச்சுச் சத்தம். அக்காளுக்குப் போன், பழைய தோழிகளுக்குப் போன், மாடிப்படியில் நின்றபடி பக்கத்து வீட்டோடு வம்பு. பேசினால் அதே தாழ்ந்த குரல்தான். ஆனால் டிவியில் கேட்டதைத்தான் தன் குரல் என்று அவள் நம்பினாள். போன வாரம் சேனல்காரர் கூப்பிட்டார். பலவிதத் தொழில்களைப் பற்றிப் பன்னிரண்டு வாரத் தொடர், அந்தப் பியானோ படக் குரல்தான் வேண்டும் என்றார். திங்கட்கிழமை அவர்களுடைய ஸ்டுடியோவில் பதிவு.

“ஒரு வழி இருக்கு,” என்றான் அண்ணன். “அவரு பேச்சு, பியானோ, உங்க அண்ணி குரல், மூணும் தனித்தனித் தடத்துல இருக்கு. முதல் ரெண்டுக்கும் டிக் போடு. மூணாவத அப்படியே விட்டுடு. கவையும் சரியாயிடும், யாருக்கும் தெரியாது.”

“திங்கக்கிழமை அண்ணி அங்க வாயத் தொறந்தா தெரியாதா?”

“சளின்னு சொல்லலாம்.”

“பன்னெண்டு வாரமும் சளியா? நல்ல டாக்டரா பாத்துக் காட்டச் சொல்லுவாங்க. அண்ணா, முன்பின் தெரியாதவங்க நடுவுல அந்தக் கண்ணாடி ரூமுல நிக்க வெச்சு, ‘என்னம்மா குரல் இப்படி இருக்கு’ன்னு கேக்கப்போறாங்க. அது நம்ம வாயால இங்க தெரியறது மேலா இல்லையா?”

“சொன்னா மறுபடியும் மூடிப்பா.” அண்ணன் ஒயரைச் சுருட்டினான், பிரித்தான், மறுபடி சுருட்டினான். “நீ சாயங்காலம் வந்து ஒரு மணி நேரம் இருந்துட்டுப் போவே. அந்த ஆறு மாசத்துல வீட்டுக்குள்ள நான் ஒருத்தன்தான் பேசிக்கிட்டிருந்தேன். எனக்கே என் சத்தம் சலிச்சுப்போச்சு.”

வாசல் கதவு திறந்தது. கையில் சாவிக் கொத்தோடு அண்ணி வந்தாள்.

“என்ன, அண்ணனும் தங்கச்சியும் சொத்துப் பிரிக்கிற மாதிரி மூஞ்சிய வெச்சுக்கிட்டு? எனக்கும் ஒரு பங்கு எழுதுங்க. குட்டி, திங்கக்கிழமைக்கு அந்த நீலச் சட்டை போட்டுக்கவா? குரல்தானே எடுக்கறாங்க, எதப் போட்டா என்னன்னு உங்க அண்ணன் சொல்றாரு. ரசனை இல்லாத ஜென்மம்.”

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சொல்லப்போவதில்லை என்று தங்கைக்குத் தெரிந்துவிட்டது.

“அண்ணி, பியானோ படத்துல ஒரு தப்பு நடந்துடுச்சு. நான் பண்ணினது.”

“என்ன தப்பு? உதடு சேரலையா?”

“உதடெல்லாம் சரி. சுருதியப் பிடிச்சு வெக்காம வேகம் ஏத்திட்டேன். எல்லாமே ஏறிப்போச்சு.”

அண்ணியும் தொழிலில் இருந்தவள்தான். விளக்க வேண்டியிருக்கவில்லை.

“எல்லாமேன்னா? பியானோவா?”

“ஆமா அண்ணி.”

“அவரு பேச்சும்?”

“ஆமா.”

மூன்றாவதை அவள் கேட்கவில்லை. சாவிக் கொத்தை மேஜையில் வைத்தாள்.

“எவ்வளவு?”

“நூத்துக்கு நாலு.”

“நாலுதானா?” என்றாள். முன்னறைப் பக்கம் திரும்பி, “டிக் போட்டுக் காட்டு” என்றாள்.

“இப்பவேவா?”

“பின்ன, நல்ல நாள் பாத்தா?”

மூன்று பேரும் முன்னறைக்கு வந்தார்கள். தங்கை கணினியில் முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் வெட்டி, கட்டத்தில் டிக் போட்டு மாற்றினாள். ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தில் மூன்று பேரும் திரையில் நகர்கிற பச்சைக் கோட்டையே பார்த்தார்கள். பிறகு ஸ்பீக்கரில் வந்தது.

‘ஒரு பியானோவுக்குள் ஏறக்குறைய இருநூற்று முப்பது கம்பிகள் இருக்கின்றன. ஒன்று தளர்ந்தால் போதும், மற்றவை அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.’

அடியிலிருந்து எழுந்து வந்த, கனமான, லேசாக உரசுகிற குரல்.

“யாரு இது, எங்கப்பாவா?” என்றாள் அண்ணி.

“நிறுத்தவா அண்ணி?”

“நிறுத்தாதே.”

ஐந்து நிமிடமும் நின்றபடியே கேட்டாள். சுருதிக்காரர் முழங்காலில் கவையைத் தட்டினார். அது நானூற்று நாற்பதில் நிதானமாகப் பாடி அடங்கியது. அதன்மேல் மறுபடியும் அவள் குரல்.

“இங்க மூச்சு வாங்கினது கேக்குது,” என்றாள். “‘கம்பி’ன்னு சொல்றப்போ தொண்டைல மாட்டுது பாரு. இந்த வரிய இன்னும் நிதானமா பேசியிருக்கணும், பழைய வேகத்துக்கு ஓடியிருக்கேன். சரி, இப்ப டிவில வந்தத போடு.”

போட்டாள். மேலே ஏறிய குரல் அறைக்குள் வந்தது. ஒன்றை அடுத்து ஒன்று கேட்டபோது அது அக்காளுக்குப் பின்னால் ஓடிவரும் தங்கையைப் போல் இருந்தது. அண்ணி ஒரு வரி கேட்டுவிட்டுக் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள். அப்போதுதான் மேஜைமேல் கிடந்த சீட்டு அவள் கண்ணில் பட்டது.

“என்னங்க, இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமா.”

“அடுத்த தெருவுல ஒருத்தர் சுருதி தப்பி விசிலடிச்சா ஜன்னல மூடற ஆளு நீங்க.”

“ஆமா.”

“அப்போ தெரிஞ்சேதான்.”

“தெரிஞ்சேதான்.”

“இத்தனை மாசமா நான் பேசறது உங்களுக்குப் பிடிக்கல. அதானே?”

“நீ எங்க பேசினே?” அண்ணன் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான். “பிடிக்குதா பிடிக்கலையான்னு தெரியறதுக்கு ஏதாவது காதுல விழணுமில்ல? உப்பு இல்லன்னு சீட்டு வரும். கதவச் சாத்துன்னு சீட்டு வரும். டிவில வந்த அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி, ‘பக்கத்து வீட்டுல துணி நனையுது, கூப்பிட்டுச் சொல்லுங்க’ன்னு முழு வாக்கியம் பேசினே. நான் போயி சொன்னேன். திரும்பி வந்தா இன்னொரு வாக்கியம் பேசினே. அதக் கெடுத்துக்க எனக்குத் தைரியம் வரல.”

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தாள். புறங்கையைக் கழுத்தில், தழும்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். மேஜையில் ஒரு பேனாவும் காகிதக் கட்டும் இருந்தன. அண்ணியின் கை அந்தப் பக்கம் போனபோது அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டதைத் தங்கை பார்த்தாள்.

கை பேனாவைத் தாண்டிப் போய்ப் போனை எடுத்தது. அண்ணி சேனல்காரரைக் கூப்பிட்டாள்.

“வணக்கம் சார். ஆமா, நான்தான்… சளியெல்லாம் இல்ல. இதுதான் குரல்… இல்ல சார், நீங்க டிவில கேட்டது நூத்துக்கு நாலு கூட. மாத்தினவங்க பண்ணின தப்பு… அவங்கள நல்லாத் திட்டலாம், எங்க வீட்டு ஆளுங்கதான்… ஏத்தலாம், தெரியும். டிக்க எடுத்தா ஏறும். ஆனா ஏத்தி வெக்கறதா இருந்தா நான் எதுக்கு சார்? அந்தக் குரலோடயே பொறந்த பொண்ணுங்க எவ்வளவோ பேர் இருக்காங்க… ரெண்டையும் அனுப்ப மாட்டேன். ஒண்ணுதான் அனுப்புவேன். கேட்டுட்டு வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க. சண்டைக்கு வர மாட்டேன்.”

ஐந்து நிமிடத் துண்டைத் தங்கை அனுப்பினாள். மதியம் ஒன்றரை மணி.

அதன்பிறகு அண்ணி பேசவில்லை. மாடிக்கும் போகவில்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்து ஒரு பழைய பத்திரிகையைப் புரட்டினாள். தங்கை முழுப் படத்தையும் டிக் போட்டு மாற்றினாள், மூன்று இடத்தில் உதடு பார்த்தாள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்க உட்கார்ந்தான். இமைகள் நிலையாக மூடவே இல்லை. நொடிக்கொரு தரம் திறந்து பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் பக்கத்தைத் திருப்பினாள். நாற்பத்தாறு நிமிடம் ஓடி முடிந்தது. டீ குடிக்கிறாளா என்று தங்கை சைகையில்தான் கேட்டாள், அண்ணி தலையாட்டி மறுத்தாள். அண்ணன் முகம் தொங்கிப்போயிற்று.

மூன்றே முக்காலுக்குப் போன் அடித்தது. அண்ணி எடுத்தாள். “ம்” என்றாள். “ம்” என்றாள். “எதெது?” என்றாள். “சரி சார், திங்கக்கிழமை வரேன்” என்று வைத்தாள்.

“என்ன அண்ணி சொன்னாரு?”

“பன்னெண்டுல நாலு.”

“நாலுதானா?”

“இரும்புப் பட்டறை, சுரங்கம், கல்லு உடைக்கிறது, கப்பல் பழுது பாக்கறது. கனமான தொழில் நாலும் எனக்காம். பொம்மை, பூ, கேக்கு, கண்ணாடி எல்லாம் வேற பொண்ணுக்காம். ‘உங்க குரலுக்குக் கேக்கு ஒத்து வராதும்மா’ங்கறாரு. ஏன், கல்லு உடைக்கிறவன் கேக்கு தின்ன மாட்டானா?”

தங்கை சிரித்துவிட்டாள். அண்ணன் சிரிக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தண்டனைக்குக் காத்திருப்பவனைப் போல நின்றான்.

“நீங்க எதுக்கு நிக்கறீங்க? உக்காருங்க. இன்னைக்கு சீக்கிரம் முடியாது. எட்டு வாரம் போச்சு எனக்கு, ஞாபகம் இருக்கட்டும். அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு நாள் அழுதிருப்பேன், மறுநாள் எழுந்து பழகியிருப்பேன். இந்தக் குரல வெச்சு எந்த வரிய எப்படிப் பேசணும்னு ஒரு மாசம் முன்னாடியே கத்துக்கிட்டிருப்பேன். இருபது வருஷம் மைக்கு முன்னாடி நின்னவ நான், என்னை என்ன கண்ணாடிச் சாமான்னு நினைச்சீங்களா, பஞ்சு சுத்தி வெக்க? பேசலன்னா பேசலன்னு சொல்றதுக்கென்ன? ‘பேசு’ன்னு ஒரு அதட்டல் போட்டிருக்கலாமில்ல? அதுக்கும் வாய் வராது. காது மட்டும் யானைக் காது…”

“நான் ஒண்ணு சொல்லவா?” என்றான் அண்ணன்.

“சொல்ல வேண்டாம். ஒரு மாசம் சொல்லாம இருந்தீங்கல்ல, இன்னும் ஒரு மணி நேரம் இருங்க.”

அண்ணன் உட்கார்ந்தான். திட்டு வாங்குகிற முகமாக அது இல்லை. கண்ணைத் தானாக மூடிக்கொண்டான்.

தங்கை பூனைபோல நழுவி உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தெருவில் போகிற ஹாரன், பக்கத்து வீட்டுக் குழந்தை அழுகை, எல்லாவற்றையும் அந்தக் கதவும் துணிச் சுவரும் நிறுத்திவிடும். தாழ்ந்த ஒலிகளுக்கு மட்டும் அது போதாது. அண்ணன் எத்தனையோ முறை அதைச் சொல்லி அலுத்துக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு சொல்லும் சுவருக்கு இந்தப் பக்கம் தெளிவாக வந்து சேர்ந்தது.

“எங்க அவ? குட்டி! வெளிய வா. உனக்கும் இருக்கு.”